நிலத்துக்குக் கீழே ஒரு வேலி

மேசையின் தலைமாட்டில் உருத்திரமூர்த்தி, அடுப்புக்குக் கிட்ட மனைவி செல்வமலர், நடுவில் சீனித் தகரப்பேணியில் சாய்ந்தபடி ஒரு படம். படத்தில் அல்பேர்ட்டாவின் நீண்ட மலைமுகடு. அதன் அடியில், சுரங்கம் மூடிப்போன நிலக்கரி ஊரில், விலைக்கு வந்திருக்கும் ஒரு மஞ்சள் வீடு. இவர்கள் இருக்கும் லவால் நகரத்து வீட்டு ஜன்னலின் பனிவெளிச்சம் அந்த மலையில் விழுகிறது. இத்தனை வருடமும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடியே சமைத்த செல்வமலரின் கண்ணும் அங்கேதான். வீட்டைப் பார்த்துச் சொன்னவன் அவள் தம்பி ரதீசன். அவனுக்குப் போகும் கடிதத்தில் உருத்திரமூர்த்தி ஆறாவது கேள்வியை எழுதுகிறார். எல்லாவற்றுக்கும் பதில் வராமல் வீடு வாங்கும் கதையே இல்லையாம்.

“வீட்டுக்குக் கீழை பழைய சுரங்கம் போகுதாம். அதிலை எங்கடை பங்கு எது, பக்கத்து வீட்டுக்காரன்ரை பங்கு எது?”

“ஊரிலை வேலியிலை நட்ட ஒரு பூவரசங் கதியாலுக்காக உங்கடை அண்ணையோடை கதைக்காமல் இருந்தது காணாதே? இஞ்சை நிலத்துக்குக் கீழையும் வேலி போடப்போறியளோ?”

“எல்லை எண்டால் எல்லைதானப்பா.”

கண்ணாடி துடைக்கும் துணியைத் தேடி அவர் அறைக்குள் போகிறார். செல்வமலர் பேனையை எடுத்துக் கடிதத்தின் அடியில் எழுதுகிறாள்: ‘தம்பி, வீட்டை எடுக்கிறம். மிச்சத்தை அத்தான் அங்கை வந்து கிண்டிப் பார்ப்பார்.’ முகவரி எழுதி, முத்திரையும் ஒட்டி அவரே ஆயத்தமாய் வைத்திருந்த உறைக்குள் அதை மடித்துப் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டுகிறாள். வீட்டுச் செருப்போடே பனியில் இறங்கி, தெருமுனைத் தபால்பெட்டிக்குள் கடிதத்தைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், தெருப்பக்க ஜன்னலுக்குள் அவர் ஏழாவது கேள்வியை எழுத அந்தக் கடதாசியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.