சீரான நாடி

‘இந்த ஆள் நடிக்கிறார்’ என்று பார்த்ததுமே முடிவு கட்டிவிட்டாள் நர்ஸ்.

மனப்பதற்றம் பற்றிய ஆராய்ச்சிக்குத் தன்னார்வலர்கள் தேவை என்று ஆஸ்பத்திரி விளம்பரம் கொடுத்ததிலிருந்து, பெரிய டாக்டரை ஓசியில் பார்த்துவிடலாம் என்று வருகிறவர்கள்தான் அதிகம். நேற்று ஒருவர் கை ஓயாமல் நடுங்குகிறது என்றார். டீ குடித்தபோது ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அப்படிப்பட்டவர்களைச் சலித்து ஒதுக்குவது அவள் வேலை. அதில் கில்லாடி.

இன்று எதிரே இருந்தவர் அறுபதைத் தாண்டியவர். முகத்தில் ஒரு கலவரமும் இல்லை. நாடி பார்க்க விரலில் மாட்டிய கருவி ‘பீப்... பீப்...’ என்று நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது.

“என்ன சார் பண்ணுது?”

“தூக்கம் இல்லைம்மா. ராத்திரி பூரா நடை. ஹால்லேருந்து சமையலறை, சமையலறையிலேருந்து ஹால்.”

எல்லாரும் சொல்வதுதான். எழுதிக்கொண்டாள்.

“அப்புறம்?”

“கதவைப் பூட்டுறது. பூட்டினது சரியான்னு இழுத்துப் பாக்குறது. போய்ப் படுத்துட்டு, எழுந்து வந்து மறுபடி இழுக்குறது.”

“ம்.”

“அப்பவும் மனசு ஆறாம, நாற்காலியை இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் குடுக்குறது.”

பேனா நின்றது.

நாற்காலி விஷயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

“அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை” என்றார் அவர், அதே குரலில். “இழுத்தா டொக் டொக்குன்னு கேக்கும்.”

மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவளுக்கு முதுகு வேர்த்தது.

“அப்புறம், குழாயைத் திறந்து விட்டுட்டு அழறது. வெளியே கேக்கக் கூடாதாம்.”

“யார் நீங்க?” அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். “என் வீட்டுக்குள்ள எப்படி வந்தீங்க?”

“உள்ள வரலைம்மா. நானும் வீட்டுக்காரம்மாவும் ஒருநாள் வந்து கதவைத் தட்டினோம். உள்ளே நடை சத்தம் சட்டுனு நின்னுடுச்சு. பாவம், மேற்கொண்டு பயமுறுத்த வேணாம்னு இறங்கிட்டோம்.”

அவள் பார்வை கீழே போனது. அவர் முகம்தான் புதிது. அந்தச் செருப்பு தெரிந்த செருப்பு. மாடிப்படியில் அவள் தலை நிமிராமல் தினமும் கடந்து போகிற செருப்பு.

“உங்களுக்குக் கீழ் வீடுதான். கழுத்துல தொங்குற அட்டையைப் பாத்து இந்த ஆஸ்பத்திரின்னு தெரிஞ்சுக்கிட்டேன்.”

அவள் அவசரமாக நர்ஸ் குரலுக்குத் திரும்பினாள். “உங்க நாடி நல்லா இருக்கு சார். ஒரு பதற்றமும் இல்லை. உங்களைச் சேத்துக்க முடியாது.”

“தெரியும்மா.”

விரலிலிருந்து கருவியைக் கழற்றி, நடுங்கிக்கொண்டிருந்த அவள் கைக்குப் பக்கத்தில் மெதுவாக நகர்த்தி வைத்தார்.

“நான் சேர வரலை. ஆள் சேக்க வந்திருக்கேன்.”