கேட்டு வாங்கிய அங்கி

“சரிகை ரெண்டு விரல் அகலம்கூட இல்லையேம்மா. இதைப் போய்ப் பட்டு வேட்டின்னு தூக்கிட்டு வந்திருக்க?”

பழம், வெற்றிலையோடு வளர்மதி நீட்டிய தாம்பாளத்திலிருந்து, செத்த எலியைத் தூக்குவது போல வேட்டியின் நுனியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போட்டார் முனைவர் ஜெயப்பிரகாஷ். பெரம்பலூரில் அவர் கட்டியிருக்கும் புது வீட்டுக்கு வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். அரசுச் சம்பளம் வாங்கும் ஆங்கிலப் பேராசிரியர். வளர்மதியின் ஆய்வுக்கு வழிகாட்டி. வழியை என்றைக்குக் காட்டினார்? வந்தபோதெல்லாம் வாசலைத்தான் காட்டினார்.

கிரேக்க, ரோமானியப் புராணங்களில் வரும் பரிசுகளைப் பற்றி அவள் எழுதிய ஆய்வேடு முடிந்து ஒன்றரை வருடமாகிறது. இந்த மனிதர் கையெழுத்துப் போட்டால்தான் அது பல்கலைக்கழகத்துக்குப் போகும். போகாவிட்டால் பட்டமும் கிடையாது, வேலையும் கிடையாது; செந்துறைக்குத் திரும்பி அப்பாவோடு முந்திரி பொறுக்க வேண்டியதுதான்.

“கூட யாரு, உங்க சித்தப்பனா?”

வாசலோரம் மஞ்சப்பையும் கையுமாக நின்றவரைப் பார்த்துத்தான் கேட்டார். பக்கத்திலேயே நாற்காலி காலியாகக் கிடந்தது. உட்காரச் சொல்ல வாய் வரவில்லை.

“கூட வந்திருக்காருங்க சார்,” என்றாள் வளர்மதி.

“தண்ணி கிண்ணி வேணும்னா கொல்லைப் பக்கம் குழாய் இருக்கு, போய்க் குடிக்கச் சொல்லு. உள்ள இருக்கற டம்ளரை எல்லாம் எடுக்க வேணாம்.”

“வேணாங்க, கையோட கொண்டாந்திருக்கேன்,” என்றார் அந்த மனிதர்.

பேராசிரியர் ஆய்வேட்டை மடியில் வைத்து நடுவில் பிரித்தார். ஒன்றரை வருடத்தில் அதை அவர் பிரித்தது அன்றைக்குத்தான்.

“மூணாவது அத்தியாயத்துல என்னமோ உளறியிருக்கியே, என்ன அது?”

“ஹெர்குலிஸோட சாவுங்க சார்.”

“ஹெராக்ளீஸ்னு சொல்லு! ஹெர்குலிஸ்ங்கிறது ரோமாக்காரன் வெச்ச பேரு. முந்திரிக்காட்டுல வளர்ந்ததுக்கெல்லாம் கிரேக்கம் ஒரு கேடு. சரி, சொல்லித் தொலை.”

வளர்மதி சொன்னாள். “பூஜைக்கு நல்ல அங்கியா ஒண்ணு வேணும்னு அவரு வூட்டுக்கு ஆளனுப்பிக் கேட்டாருங்க. சம்சாரம் வசிய மருந்துன்னு நம்பி, அதுல எதையோ தடவிக் குடுத்துவிட்டாங்க. அது விஷம். போட்ட உடனே உடம்பு வெந்து, செத்துப்போயிட்டாரு.”

“இது ஊருக்கே தெரிஞ்ச கதை. நீ என்னத்தைக் கண்டுபிடிச்ச?”

“எல்லாரும் அதுல தடவுனதைத்தான் விஷம்னு எழுதறாங்க சார். அவரு கேட்டதுதான் விஷம்னு நான் எழுதியிருக்கேங்க.”

பேராசிரியர் தொப்பை குலுங்கச் சிரித்தார். “அட கூறுகெட்டவளே! பெரியவன்னா கேக்கத்தான் செய்வான். கேக்கறதுல என்ன விஷம் இருக்கு? தடவியிருக்கறது தெரியாம வாங்கி மாட்டிக்கிட்டான் பாரு, அந்த மடையன். அதை எழுதியிருந்தா அது ஆய்வு.”

“சரிங்க சார்.” அவள் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள். “வேட்டி மடிப்புக்குள்ள சங்கிலி இருக்குதுங்க. நீங்க கேட்ட மாதிரியே ரெண்டு பவுன்.”

அவ்வளவுதான். சரிகை போதாத அதே வேட்டியை அவர் வெடுக்கென்று இழுத்து மடியில் போட்டு, மடிப்பு மடிப்பாகத் துழாவ ஆரம்பித்தார். ஆய்வேடு தரையில் விழுந்தது.

“நீங்கதான சார் கேட்டீங்க?”

“கேட்டேன்தான். கேக்காம குடுக்கற புத்தி உங்க ஊர்ல எவனுக்கு இருக்கு?”

“கையெழுத்துக்குங்களா சார்?”

“பின்ன, உன் மூஞ்சிக்கா?”

சங்கிலி அகப்பட்டது. உள்ளங்கையில் போட்டு எடை பார்த்தார், கொக்கியை நிமிண்டிப் பார்த்தார். பிறகு விரல்களை ஒன்றோடொன்று தேய்த்து முகத்தைச் சுளித்தார்.

“சே, கையெல்லாம் என்னமோ மாவு மாதிரி ஒட்டுது. பூச்சி அரிக்காம இருக்கப் பொடி தூவி வெச்ச பழைய சரக்கை உன் தலையில கட்டியிருக்கான் கடைக்காரன். பிஎச்.டி. பண்றாளாம்! ஒரு வேட்டி வாங்கத் துப்பில்லை.”

வளர்மதி குனிந்து ஆய்வேட்டை எடுத்துத் தூசு தட்டி, கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தைப் பிரித்து நீட்டினாள். அவர் பேனாவைத் திறந்து, பிச்சை போடுவது போல ஒரு கிறுக்குக் கிறுக்கினார்.

“போம்மா, டாக்டரு. போய் முந்திரி மரத்துக்கெல்லாம் கிரேக்கம் சொல்லிக்குடு.”

அவள் ஆய்வேட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. ஐந்து வருட உழைப்பு, அந்த ஒரு கிறுக்கலுக்காகத்தான் காத்துக் கிடந்தது.

வாசலோரம் நின்றவர் உள்ளே வந்தார். யாரும் சொல்லாமலேயே அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். மஞ்சப்பையிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரையும் பாட்டிலையும் எடுத்து, நிதானமாகச் சோடா உப்புக் கரைத்த தண்ணீரை ஊற்றினார். அதற்குப் பக்கத்தில் தன் அடையாள அட்டையை வைத்தார். லஞ்ச ஒழிப்புத் துறை என்று போட்டிருந்தது.

“கையைக் கொஞ்சம் இதுல முக்குங்க சார், நாங்க தடவுன பொடிக்குத் தண்ணி சிவக்குதான்னு பாப்போம்.”