மூன்று முறை கழுவிய கீரை

டாக்டர் பச்சையாகத் தின்னச் சொன்ன கீரை. பொட்டலத்தில் 'மூன்று முறை கழுவப்பட்டது, அப்படியே உண்ணலாம்' என்று போட்டிருந்ததைச் சிவசைலம் மனைவிக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்.

"அச்சடிச்சவனா திங்கப் போறான்? ஒருதரம் அலசிடுங்க" என்றாள் குழல்மொழி.

இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் எந்த வாக்குவாதத்திலும் தோற்றதாக அவர் ஒப்புக்கொண்டதில்லை. கீரையை நேராகத் தட்டில் கொட்டினார். ஓர் இலைக்கடியிலிருந்து பச்சைப் புழு ஒன்று, அப்போதுதான் குளித்துத் துவட்டிக்கொண்டு வந்ததுபோல, பளபளவென்று தலையைத் தூக்கியது.

சிவசைலம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, புழுவை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார்.

"நீயே பாரு. மேல ஒரு பொட்டு மண்ணு இருக்கா?"

அவள் தட்டை மெல்ல அவர் பக்கம் நகர்த்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.