தமிழரசன் வீட்டு வாசல் கேமரா

"ணா, அந்த டிவிய மட்டும் கட்டாதீங்க. மானமே கப்பலேறிடும்!"

வார்டு மெம்பர் இளஞ்செழியன் மதிய வெயிலில் மூச்சிரைக்க வந்து நின்றார். தமிழரசன் அசையவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தபடி, கேட்டுக்கு மேலே சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த தன் கேமராவைப் பெருமையோடு அண்ணாந்து பார்த்தார்.

விஷயம் இதுதான். ரிப்பேருக்காகக் கழற்றி வீட்டு வாசலில் வைத்திருந்த போர் மோட்டாரை எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான். மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற நேரம். தண்ணீர் இல்லாமல் பயிர் சுருள ஆரம்பித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டால் இந்த வருஷத்து வெள்ளாமையே போச்சு. வயிறு எரிந்த தமிழரசன் காலையில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஆடியோ போட்டார்.

"சாயங்காலம் மாரியாத்தா கோயில் எதிர்ல பெரிய டிவி கட்டி, எங்க வூட்டு கேமராவுல பதிஞ்ச ஒரு மாச ரெக்கார்டிங்கயும் போட்டுக் காட்டப் போறேன். திருடன் யாருன்னு ஊரே பாக்கட்டும்!"

திருடன் பயந்தானோ இல்லையோ, ஊர் பயந்துவிட்டது.

"நீ ஏம்ப்பா பதறுற? தப்பு பண்ணாதவனுக்கு கேமராவ பாத்து இன்னா பயம்?" என்றார் தமிழரசன்.

மெம்பர் நெளிந்தார். "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமேண்ணா."

"தெரியும். இருந்தாலும் உன் வாயால சொல்லு. சரியா இருக்கான்னு பாக்குறேன்."

"என் பொறந்தநாள் பேனர எதிர்க்கட்சிக்காரன் கிழிச்சிட்டான்னு சங்கராபுரம் ரோட்டுல மறியல் பண்ணேனே... அத கிழிச்சது நான்தாண்ணா."

அந்த மறியலில் பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டு வெந்து போனவர் தமிழரசன். அடப்பாவி என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, தெரிந்த கதைதான் என்பதுபோலத் தலையாட்டினார். "சரி, போ. அந்த எடத்த மட்டும் அழிச்சிடறேன்."

மெம்பர் போனதும் காசியம்மாள் வந்தாள், கை நிறைய முருங்கைக்காயோடு. கேமரா மாட்டிய அன்றைக்கு நடுத்தெருவில் நின்று, "பொம்பளைங்க போற வர்ற தெருவுல கண்ணு வெக்கிறியே, நீ உருப்படுவியா?" என்று மண்ணை வாரித் தூற்றியவள் இவள்தான்.

"தம்பி, அன்னிக்கி ஏதோ கோவத்துல பேசிட்டேன். மனசுல வெச்சிக்காத."

"அத வுடுக்கா. வந்த விஷயத்த உன் வாயாலயே சொல்லு."

"அமாவாச தவறாம எங்க ஓரகத்தி வூட்டு வாசல்ல எலுமிச்சம்பழம் கெடக்குதுன்னு ஊரே பேசுதே... அது நான் வெக்கிறதுதான். அழிச்சிடு சாமி, உனக்குப் புண்ணியமாப் போவும்."

அதற்கப்புறம் ரேஷன் கடைக் கூட்டம்தான். காலேஜ் படிக்கிற தனுஷாவும் டிராக்டர் ஓட்டுகிற சுபாஷும் தனித்தனியாக வந்து, ஒரே விஷயத்தை அழிக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த தெருவில் செய்ததை எல்லாம்கூடச் சிலர் இங்கே வந்து கொட்டினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்தே தமிழரசன் மனைவி ஜெயசுதாவுக்குக் கை ஓய்ந்துவிட்டது.

வெயில் தாழும்போது, டிவிஎஸ் வண்டியில் சாக்கு சுற்றிய மோட்டாரோடு உறவுக்காரப் பையன் பாவாடை வந்து இறங்கினான்.

"மாமா, தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க கஷ்டப்படுறீங்களேன்னு நானே ரிப்பேர் பண்ணி எடுத்தாரலாம்னு தூக்கிக்கினு போனேன்."

"சொல்லாம கொள்ளாமயா?"

"சொன்னா நீங்க வேணாம்பீங்க!"

மோட்டாரைத் தடவிப் பார்த்த தமிழரசனுக்கு உயிர் திரும்பியது. பயிர் பிழைத்துவிட்டது. பாவாடையை இரண்டு வார்த்தை திட்டி அனுப்பிவிட்டு, 'திருடன் கிடைத்தாயிற்று, டிவி கிடையாது' என்று குழுவில் போட்டார். ஊரே கும்பிடு போட்டுப் பதில் அனுப்பியது. கலெக்டர்கூட இப்படி ஒரு மரியாதையைப் பார்த்திருக்க மாட்டார்.

"எல்லாருதயும் அழிச்சிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஜெயசுதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அழிச்சாச்சு, அழிச்சாச்சு."

"என்னுதயுமா?"

தமிழரசன் திரும்பினார். அவள் கண் கலங்கியிருந்தது.

"நீங்க கரியாலூருக்குப் போயிருந்தீங்களே, அன்னிக்கி நடந்தது... அதயும் பாத்திருப்பீங்க. பாத்துட்டும் ஒரு வார்த்த கேக்காம, எப்பவும் போல எங்கூட சிரிச்சிப் பேசிக்கினு இருந்தீங்களே. இந்த மனசு யாருக்குங்க வரும்?"

தமிழரசன் பகலெல்லாம் சொன்னதையே சொன்னார். "அத... உன் வாயால சொல்லு. சரியா இருக்கான்னு பாக்குறேன்."

"கண்ணால பாத்தது பத்தாதா? என் வாயால வேற சொல்லணுமா? நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்." அவர் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். "சாவுற வரைக்கும் அதப் பத்தி எங்கிட்ட கேக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

வேறு வழியில்லாமல் சத்தியம் செய்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாரம் இறங்கியவளாக அவள் உள்ளே போய்விட்டாள். தமிழரசன் மட்டும் வாசலையே வெறித்துக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் சொல்லாமல் சின்னசேலத்துப் பொம்மைக் கடையில் வாங்கி மாட்டிய அந்தக் கேமராவுக்குள், சிவப்பு விளக்குக்குப் போட்ட பேட்டரியைத் தவிர வேறு ஒன்றுமே கிடையாது.