ஓடாத ஆஸ்டின்

"இன்னைக்கும் கிடைக்கலையா?" என்று கேட்டாள் பஞ்சாலை.

காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. "தேடிக்கிட்டுத்தான் இருக்கேன் புள்ள" என்று அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரன், அவள் புருஷன் அர்ச்சுனன், உள்ளேயிருந்தே பதில் சொன்னான்.

"மூணு மாசமாத் தேடுறீங்க. இந்நேரம் அதுவே சலிச்சுப்போயி எதிர்ல வந்து நின்னிருக்கும்! அர்ச்சுனன்னு பேரு வச்சுட்டா தேரு ஓடிருமா?" அவித்த கிழங்கைக் கொட்டகைத் திண்டில் டொக்கென்று வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மலாய் நாட்டில், லிங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் வெள்ளைக்காரத் துரை ஓடினார். ஓடுமுன் தன் ஆஸ்டின் கார் அவன் கையில் சிக்காதபடி அதைக் கழற்றிப் போட்டுவிடும்படி டிரைவர் அர்ச்சுனனிடம் சொல்லியிருந்தார்.

அடுத்த வருஷம் பங்களாவுக்குக் குடிவந்த ஜப்பான் பட்டாளத்துச் சார்ஜன்ட் மொரிதா, கொட்டகையில் குவிந்து கிடந்ததைப் பார்த்தான். "திரும்பப் பூட்டு" என்றான். கழற்றியவனே பூட்ட உட்கார்ந்தான்.

சக்கரம் ஏறியது, கதவு ஏறியது, இஞ்சினும் ஏறிவிட்டது. பாக்கி ரோட்டர் ஒன்றுதான். கறுப்பாக, கட்டைவிரல் தண்டி இருக்கும். அது இல்லாமல் பிளக்கில் பொறி வராது. பொறி வராமல் வண்டி கிளம்பாது.

வண்டி ஓடினால் ஒரு மூட்டை அரிசி என்று மொரிதா சொல்லியிருந்தான். பஞ்சாலை சோற்றைப் பார்த்து ஒரு வருஷம் ஆயிற்று. மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கைத் தின்று பிள்ளைகளுக்கு வயிறு மட்டும்தான் வளர்ந்தது. அவள் அவசரப்பட்டதில் தப்பில்லை.

அவளுக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. வண்டி ஓடிய மறுநாளே மொரிதா அதில் ஏறிச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போயாக வேண்டும். ஓட்டிக்கொண்டு போகவேண்டியவன் அர்ச்சுனன். அந்தத் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போன நாற்பது பேரில் ஒருத்தரும் இன்னும் திரும்பவில்லை. சொன்னால் பஞ்சாலை லயத்து வீட்டுச் சனமே கூடும்படி அழுவாள் என்று அவன் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் ரோட்டர் எங்கே கிடைக்கும்? அதுதான் வீட்டுக்குப் பின்னால், வேலியோரக் கிழங்குப் பாத்தியில் புதைந்து கிடந்ததே! புதைத்த புண்ணியவான்தான் பகல் முழுக்கக் காருக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தான்.

மொரிதா எப்போதும் பக்கத்தில் குந்திக்கொண்டு சிகரெட் பிடிப்பான். அரை இஞ்ச் ஸ்பானருக்காக அர்ச்சுனன் கையை நீட்டுமுன்பே, சரியாக அதையே எடுத்துக் கொடுப்பான். 'ஏதோ குருட்டாம்போக்கில் எடுக்கிறான்' என்று அர்ச்சுனன் மனசுக்குள் சிரித்துக்கொள்வான்.

போன வாரம் சிரம்பானிலிருந்து பெரிய அதிகாரி ஒருவன் வந்தான். இன்னுமா ஓடவில்லை என்று மொரிதாவின் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தான். மேலே விழுந்த அறை அப்படியே கீழே இறங்குவதுதான் ஜப்பான்காரர்கள் வழக்கம். அர்ச்சுனன் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றான். அறை வரவில்லை. மொரிதா கன்னத்தைத் தடவிக்கொண்டு, பழையபடி குந்திச் சிகரெட்டைப் பற்றவைத்தான்.

காலையில் போன பஞ்சாலை, மத்தியானம் தலைதெறிக்க ஓடிவந்தாள். முழங்கை வரை மண், கையில் பிரித்த பொட்டலம்.

"ஏங்க! கிடைச்சிருச்சுங்க! வேலியோரம் கிழங்கு பறிக்கப் போனேன், அங்க கிடக்கு!"

அர்ச்சுனன் எழுந்த வேகத்தில் காரில் மண்டையை இடித்துக்கொண்டான். "அந்தப் பாத்தியத் தொடாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"பிள்ளைக பசின்னு அழுதுச்சுங்க. பாருங்க, கறுப்பா, கட்டைவிரல் தண்டி. இதுதானே?"

"அது... எலி தூக்கிட்டுப் போயிருக்கும்."

"ரப்பர் ஷீட்டுல சுத்தி, கயிறு போட்டுக் கட்டி வச்சிச்சா எலி?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. புருஷன் முகத்தைப் பார்த்தாள். அதில் ரத்தமே இல்லை. ஜப்பான்காரனை ஏமாற்றினால் தலை எங்கே போகும் என்று தோட்டத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். கையைப் பின்னால் மறைக்கப் போனாள். அதற்குள் மொரிதா எழுந்து வந்து கையை நீட்டிவிட்டான்.

ரோட்டரை வாங்கி மண்ணை ஊதினான். இஞ்சின் மூடியைத் தூக்கி, யாரையும் எதுவும் கேட்காமல், அது இருக்கவேண்டிய இடத்தில் தானே பொருத்தினான். முன்னால் போய் ஹேண்டிலை ஒரே சுற்றுச் சுற்றினான்.

ஆஸ்டின் இருமியது, செருமியது, பிறகு சுகமாக ஓட ஆரம்பித்தது. அர்ச்சுனன் கண்களை இறுக மூடிக்கொண்டான். கழுத்து கூசியது. பஞ்சாலை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நான் பாவி, நான் பாவி" என்று முனகினாள். அரிசி மூட்டை அவள் நினைவில் இல்லை.

இஞ்சின் சத்தம் நின்றது. அர்ச்சுனன் மெல்ல ஒரு கண்ணைத் திறந்தான்.

மொரிதா ரோட்டரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். அதே ரப்பர் ஷீட்டில் சுற்றினான், அதே கயிற்றால் கட்டினான். வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, பொட்டலத்தைப் பஞ்சாலையின் கையில் வைத்து, தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் மெதுவாகச் சொன்னான்:

"இன்னும் ஆழமாப் புதை."