தணிகாசலம் வீட்டு மணி

சட்டப்படி, எந்த வீட்டிலும் ஆணின் குரல் அளவு மீறினால் சுவரில் இருக்கும் மணி அடிக்கும். அக்கம்பக்கத்து ஆண்கள் போட்டது போட்டபடி ஓடிவர வேண்டும். தணிகாசலம் மனைவி பூங்கோதையை அடிக்கக் கை ஓங்கிய அன்று, மூன்று வருடங்களுக்கு முன்பு, அந்த மணி ஒருமுறை அடித்தது. மறுபடியும் கை ஓங்கினான் என்று அவள் சொன்னால் அவனுக்கு ஆறு மாதம் ஆண்கள் விடுதிதான்.

இன்று காலை மணி அடித்தது.

பக்கத்து வீட்டு அன்வர் பாதி மழித்த முகத்தோடு வந்தார். மாடி வீட்டுச் சாமிக்கண்ணு தோசைக் கரண்டியோடு வந்தார்.

"அண்ணே, சந்தோஷத்துல கத்திட்டேன்" என்றான் தணிகாசலம்.

"உன்னை யாருப்பா கேட்டா? வெளிய நில்லு."

வழக்கப்படி அவளிடம்தான் கேட்பார்கள். கதவு மூடியது. அன்று ஓங்கிய கையையே பார்த்துக்கொண்டு தணிகாசலம் நின்றான்.

திடீரென்று உள்ளே சிரிப்பு வெடித்தது.

"தங்கச்சி பூங்கோதைக்கு பஸ் ஓட்டுற வேலை கெடைச்சிருக்காம்! எங்ககிட்ட சொல்ல மாட்டியாடா?" என்று அன்வர் வெளியே வந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

பின்னாலேயே பூங்கோதை போனோடு வந்தாள்.

"அண்ணே, அவரை இன்னொரு தரம் கத்தச் சொல்லுங்க. எங்க அக்காவுக்குச் சரியா கேக்கலையாம்."