ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் படிப்பீங்க?"

"ஒம்பது மணி நேரமுங்க சார். நாலு வருசமா."

ஜெகதளா படிப்பகத்தின் செயலாளர் ரவிச்சந்திரன் பேனாவைக் கீழே வைத்தார். பொறுப்பாளர் வேலைக்கு வந்த ஆறு பேரில் ஐந்து பேர், 'நேரம் கிடைக்கும்போது படிப்பேன்' என்றுதான் சொல்லியிருந்தார்கள். கடைசியாக வந்த ராஜப்ரியா, ஸ்வெட்டர் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயது. கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் அம்மா கொழுந்து பறிக்கிறாள். நூலகப் படிப்பெல்லாம் கிடையாது.

அவரோடு ஆள் தேர்வுக்கு உட்கார்ந்திருந்த ஐவி டீச்சர் நம்பவில்லை. "ஒம்பது மணி நேரமா? ஏம்மா, நான் தமிழ் டீச்சர். எனக்கே பத்துப் பக்கத்துல கண்ணு சொக்கிடும்."

"சொக்கினா சம்பளத்துல பிடிப்பாங்க டீச்சர். வேலையே அதுதானுங்க. கோயமுத்தூர்ல ஒரு கம்பெனி, ராத்திரி ஷிப்ட். தமிழும் மலையாளமும் வரும். படிச்சுப் பார்த்து, இது இருக்கலாம், இது வேண்டாம்னு சொல்லோணும்."

"மலையாளம் எப்படி?"

"கூடலூர்ல அத்தை ஊட்டுல இருந்துதான் பள்ளிக்கூடம் போனேனுங்க."

"ஏதாவது பதிப்பகமா?" என்றார் ரவிச்சந்திரன்.

"வெளிய சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க சார்."

"வாங்கத்தான் செய்வாங்க. புதுப் புஸ்தகம் முன்னாடியே வெளிய தெரிஞ்சிடக் கூடாதில்ல?" என்று டீச்சருக்கு அவரே விளக்கமும் கொடுத்தார்.

டீச்சர் விடுவதாக இல்லை. "சரி, யாரு எழுத்து உனக்குப் பிடிக்கும்?"

"எழுதுனவங்க பேரை நான் பார்க்கறதில்லீங்க. பேரைப் பார்த்தா நியாயமா முடிவு பண்ண முடியாது."

"கேட்டீங்களா டீச்சர்! நம்மாளுங்க எந்த ஊரு, என்ன சாதின்னு விசாரிச்சுட்டுத்தான் அட்டையையே திறக்கிறாங்க."

"படிச்சு அழுதிருக்கியாம்மா?" டீச்சரின் குரல் சற்று இறங்கியிருந்தது.

"மொத ஆறு மாசம் தினமும் அழுதேனுங்க. அப்புறம் கொறஞ்சு கொறஞ்சு, இந்த வருசம் அழுகை சுத்தமா நின்னுபோச்சு. நின்னதும்தான் பயந்துட்டேன். அதனாலதான் வேலையை விட்டேன்."

எழுத்தில் இவ்வளவு தோய்ந்த ஒருத்தியை ரவிச்சந்திரன் பார்த்ததில்லை. மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியைக் காட்டினார். பங்களாவைக் காலி செய்த யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய புத்தகங்கள். "இதுல நம்ம ஜனங்களுக்கு எது ஆகும், எது ஆகாது? பிரிச்சு வைங்க பார்ப்போம்."

ராஜப்ரியா தரையில் மண்டியிட்டாள். ஒவ்வொன்றையும் நடுவில் திறந்தாள், ஒரு பார்வை, இடப்பக்கம் அல்லது வலப்பக்கம். ஒன்றே ஒன்றில் மட்டும் ஒரு நிமிடம் நின்றாள், பிறகு வலப்பக்கம் வைத்தாள். பத்து நிமிடத்தில் பெட்டி காலி.

டீச்சர் இடப்பக்கக் குவியலில் ஒன்றை எடுத்துப் புரட்டினார். முகம் சுளித்து மூடினார். அடுத்தது. அதையும் மூடினார். "எல்லாம் குப்பைதான். ஒரு பார்வையில எப்படிம்மா தெரியுது?"

"பழக்கமுங்க."

ரவிச்சந்திரன் சன்னலைத் திறந்தார். படிப்பக வாசற்படியில் இளவட்டங்கள் ஏழெட்டுப் பேர் போனுக்குள் தலையைக் கவிழ்த்திருந்தார்கள். "நம்ம வைஃபைக்காக உட்கார்ந்திருக்காங்க. வெட்டு, குத்து, எவனையோ கட்டி வச்சு அடிக்கிற வீடியோ. அது சலிச்சா எவளையாவது கேவலமா எழுதறது. உள்ள ஒருத்தனும் வர்றதில்ல. இந்த வருசமும் ஆள் வரலைன்னா, இதை நடத்துற ஊர்ச் சங்கத்துல படிப்பகத்தை மூடிடுவாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"திட்ட மாட்டேனுங்க. திட்டினா இன்னும் நாலு வீடியோ பார்ப்பாங்க." அவள் கொஞ்சம் யோசித்தாள். "தினமும் நாலு வரி எழுதித் தரச் சொல்லிக் கேப்பேன். அன்னைக்குக் கண்ணால பார்த்த நல்ல விசயம் ஒன்னு. ஓடி வந்த கிழவிக்குப் பஸ்ஸை நிறுத்துன டிரைவர், காட்டெருமை நிக்குதுன்னு வழியை மறிச்சுச் சொன்ன ஆளு, எதுன்னாலும் சரி. எழுதினதை உள்செவுத்துல ஒட்டுவேன், பேரோட. தன் பேரைப் பார்க்கவாவது உள்ள வந்துதானுங்க ஆகோணும்."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். "பொல்லாத பொண்ணு சார் இது!"

ரவிச்சந்திரன் விண்ணப்பத்தை எடுத்தார். "நாளைக்கே வந்துடுங்க. இங்க ஒரு கட்டத்தை விட்டுட்டீங்க. 'கடைசியாகப் படித்த புத்தகம்'. சொல்லுங்க, நானே எழுதிக்கிறேன்."

ராஜப்ரியா ஸ்வெட்டர் கையை மறுபடியும் மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என்னம்மா, அத்தனை படிச்சதுல ஒன்னு ஞாபகம் வரலையா?"

"பொய் சொல்லி வேலை வாங்க வேண்டாமுங்க சார். பள்ளிக்கூடப் புஸ்தகம் தவிர, நான் ஒரு புஸ்தகம்கூடப் படிச்சதில்லை."

பேனா நின்றது. "அப்போ அந்த ஒம்பது மணி நேரம்?"

"நெட்டுல எழுதறதுல இது மோசம்னு ஜனங்க புகார் பண்றதெல்லாம் என் ஸ்கிரீனுக்கு வருமுங்க. மிரட்டல், அசிங்கம், சாகப் போறவங்க கடைசியா எழுதினது. படிச்சுப் பார்த்து அழிக்கோணும். நல்லா எழுதியிருக்குன்னு யாரும் புகார் பண்ண மாட்டாங்க இல்லீங்களா? நாலு வருசத்துல எனக்கு ஒரு நல்ல வரிகூட வரலை. அது எப்படி இருக்கும்னு பார்க்கத்தானுங்க இந்த வேலைக்கு வந்தேன்."

ரவிச்சந்திரன் கையிலிருந்த பேனாவை ஐவி டீச்சர் வாங்கினார். அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டு, கீழே 'தேர்வு செய்தவர்' என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.